விமானித் தேர்வும் தொலைதூரக் கல்வியும்: கதவுக்கு வெளியே நின்று படித்தவர்களின் வரலாறு

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தம்பி ஒருவர், பி.காம். இரண்டாம் ஆண்டு, போட்டித்தேர்வுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "தோழர், பைலட் எக்ஸாமுக்கு வீட்டுல இருந்தே படிக்க முடியுமா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குரூப் 4, வி.ஏ.ஓ., காவலர் தேர்வு என்று பேசிக்கொண்டிருந்த மேசையில் அந்தக் கேள்வி அந்நியமாக விழுந்தது. சிரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நமக்கு எது வாய்க்கும், எது வாய்க்காது என்ற கணக்கு நம் தலைக்குள் எப்படி ஏறியது என்பதே ஒரு தனி வரலாறு. அந்தத் தம்பிக்கு அன்று எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தோம். தேடியதில் கிடைத்த வரலாறு அவருக்கு மட்டும் உரியதல்ல என்று பட்டதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். விமானி ஆவதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று கையால் செய்வது: ஓடுதளத்தில் ஏற்றி இறக்கி, மணிக்கணக்கில் பறந்து பழகுவது. இன்னொன்று தாளில் செய்வது: வான் சட்டம், நேவிகேஷன், வானிலையியல், எஞ்சின், கருவிகள், விமானம் ஏன் காற்றில் நிற்கிறது என்கிற இயற்பியல். இந்தத் தேர்வுகளில் தேறாமல் வணிக விமானி உரிமம் கிடைக்காது. பறப்பதற்கு விமானம் வேண்டும், விமானத்துக்குப் பணம் வேண்டும். தாளுக்கு விமானம் தேவையில்லை; ஒரு மேசையும் விளக்கும் போதும். ஆகவே விமானத் தொழிலில், வாசலில் நிற்கும் காவலாளியின் அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடிய பகுதி இது ஒன்றுதான்.

தூரத்தில் நின்று படித்தவன் என்றதும் நமக்கு ஏகலைவன் நினைவுக்கு வராமல் போவானா? குரு மறுத்தார், மண்ணில் சிலை செய்து வைத்துத் தானே பழகினான், தேர்ச்சி பெற்றதும் கட்டைவிரலைக் கட்டணமாகக் கேட்டார்கள். இதைக் குருபக்தியின் கதையாகப் பள்ளியில் நடத்துகிறார்கள். எங்களுக்கு இது தேர்வு முறை பற்றிய கதையாகத்தான் படுகிறது. படிப்பதை அவர்களால் தடுக்க முடியவில்லை. படித்தது செல்லுமா என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: படிக்க வழி யார் கொடுத்தது, படித்ததை யார் ஏற்றுக்கொண்டது.

உரிமத் தேர்வுக்குத் தபாலில் படிக்கும் பழக்கம் பெரிய அளவில் தொடங்கியது வானத்தில் அல்ல, சுரங்கத்தில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்க விபத்துகள் தொடர்ந்து உயிர்களைத் தின்றுகொண்டிருந்தன. 1885இல் வந்த சட்டம், சுரங்க மேற்பார்வையாளர்கள் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பத்து வயதிலேயே கரி பொறுக்கப் போனவர், வாயு, காற்றோட்டம், கணக்கு எல்லாம் எங்கே போய்ப் படிப்பார்? தாமஸ் ஜே. ஃபாஸ்டர் என்ற பத்திரிகை ஆசிரியர் தன் பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதி நடத்தினார். தொழிலாளர்களிடம் இருந்து கடிதங்கள் குவிந்தன. 1891இல் ஸ்க்ராண்டன் நகரில் அதை ஒரு படிப்பாகவே மாற்றினார். பாடம் தபாலில் போகும், விடைத்தாள் தபாலில் திரும்பும், திருத்தி மறுபடி தபாலில் அனுப்புவார்கள். இதுதான் பிற்காலத்தில் இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் என்று உலகம் முழுக்க அறியப்பட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து அடுப்பங்கரை மேசையில் படித்தவர்கள் அதன் முதல் மாணவர்கள். ஃபாஸ்டர் இதில் நன்றாகச் சம்பாதித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியில் படிப்பை விட்டவர்களின் பணமும் அதில் உண்டு. தொலைதூரக் கல்வி பிறந்த நாளிலிருந்தே விடுதலையும் வியாபாரமும் ஒரே உறையில்தான் வருகின்றன.

இப்போது சிகாகோவுக்கு வருவோம். பெஸ்ஸி கோல்மன் 1892இல் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று குழந்தைகளில் பத்தாவது. சிகாகோவில் நகம் சீர்செய்யும் வேலை பார்த்தார். கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் இடம் தரவில்லை. சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட், பிரான்சுக்குப் போ என்றார். அதற்காக பெஸ்ஸி முதலில் பிரெஞ்சு கற்றார். 1920 நவம்பரில் கப்பலேறினார். 1921 ஜூன் 15 அன்று சர்வதேச உரிமத்தோடு தேறினார். தன் மக்களுக்காக ஒரு விமானப் பள்ளி தொடங்க வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர், 1926இல் ஜாக்சன்வில்லில் விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். நாங்கள் இதை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது அந்த பிரெஞ்சு வகுப்பு. வேலை முடிந்தபின், இன்னொரு நாட்டின் மொழியை, அந்த நாட்டில் படிப்பதற்காகவே படித்தாரே, அது.

அவருக்குப் பிறகு அதே சிகாகோவில் கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்று இரண்டு மெக்கானிக்குகள். இருவரும் விமான மெக்கானிக் படிப்புக்காக கர்டிஸ்-ரைட் விமானப் பள்ளிக்குத் தபாலில் விண்ணப்பித்தார்கள். தபாலில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். நேரில் போய் நின்றதும் முகத்தைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்கள். அவர்கள் வேலை பார்த்த கார் கடைக்காரர் எமில் மேக், வழக்குப் போடுவேன் என்று நின்றதால்தான் கதவு திறந்தது. ராபின்சன் அதே பள்ளியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, வகுப்பின் பின்னால் நின்று கேட்டு, பாடங்களைக் குறித்துக்கொண்டார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். கையில் துடைப்பம், காது பாடத்தில்! நம் ஊரில் வகுப்பறைக்கு வெளியே சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்ட பீமாராவ் என்ற சிறுவன் நினைவுக்கு வந்தால் அது தற்செயல் அல்ல. 1931இல் இருவரும் தேறினார்கள். அதன்பின் அதே பள்ளி, கறுப்பின மாணவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தித் தரச் சொல்லி அவர்களையே கேட்டது. காஃபி பிற்பாடு வில்லா பிரவுன் என்ற பெண் விமானியோடு சேர்ந்து சொந்தப் பள்ளி நடத்தினார். ராபின்சன் 1935இல் எத்தியோப்பியாவுக்குப் போய், இத்தாலியின் படையெடுப்பை எதிர்த்த ஹைலே செலாசியின் விமானப்படைக்குத் தலைமை தாங்கினார்.

தபாலில் ஒரு பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் போகும்; தோல் போகாது. காஃபியும் ராபின்சனும் அந்த இடைவெளியில்தான் நுழைந்தார்கள். ஆனால் நம் நாட்டில் பெயரிலும் ஊரிலும் தெருவிலும் அப்பாவின் தொழிலிலும் சாதி போகிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறோம்.

1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை எழுதியது. கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர்கள் என்று அதில் 'ஆராய்ச்சி' போலவே எழுதி வைத்தார்கள். 1939இல் சிவில் விமானிப் பயிற்சித் திட்டம் வந்தபோது டஸ்கீகி கல்லூரியும் அதில் சேர்ந்தது. அங்கிருந்து போர்க்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் ராணுவ விமானிகள் வெளிவந்தார்கள். அறிக்கை எழுதியவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போர் முடிந்ததும் அந்த விமானிகளை எந்தப் பெரிய நிறுவனமும் எடுக்கவில்லை. 1957இல் மார்லன் கிரீன் என்ற விமானப்படை விமானி கான்டினென்டல் ஏர்லைன்சுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்; புகைப்படம் ஒட்டவில்லை. பறக்கும் சோதனைக்கு அழைத்தார்கள். சோதனையில் தேறினார். அவரைவிடக் குறைந்த மணிநேரம் பறந்த வெள்ளையர்களுக்கு வேலை போனது. கிரீன் வழக்குத் தொடுத்தார். ஆறு ஆண்டு இழுத்து, 1963 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1964இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டேவிட் ஹாரிஸ் என்ற கறுப்பின விமானியை எடுத்தது. கிரீன் 1965இல்தான் கான்டினென்டலின் இருக்கையில் உட்கார்ந்தார். தேர்வில் தேறியதிலிருந்து இருக்கைக்கு எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டுக்கு எந்தப் பாடத்திட்டமும் இல்லை.

பிரிட்டனில் இதே கதை வர்க்கத்தின் உடையில் நடந்தது. அங்கே அரசு விமான நிறுவனங்கள் 1960இல் ஹேம்பிள் என்ற இடத்தில் தங்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கின. அதில் இடம் கிடைத்தால் படிப்பும் வேலையும் உறுதி. கிடைக்காதவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'செல்ஃப் இம்ப்ரூவர்', தன்னைத்தானே உயர்த்திக்கொள்பவர். மெக்கானிக், லாரி ஓட்டுநர், கடைச் சிப்பந்தி என்று பகலில் ஒரு வேலை. வார இறுதியில் கிளப்பில் பறப்பது. பிறகு அங்கேயே சொல்லிக்கொடுத்து மணிநேரம் சேர்ப்பது. இரவில் தபாலில் வந்த பாடங்களைப் படித்துத் தேர்வெழுதுவது. பெயரில் ஒரு கிண்டல் தொனி இருக்கிறது, கவனித்தீர்களா? கல்லூரி வழி வந்தவர்கள் வெறும் விமானிகள். இவர்கள் மட்டும் 'உயர்த்திக்கொண்டவர்கள்'. நம் ஊரில் 'கரஸ்ல படிச்சவன்' என்று சொல்லும்போது உதட்டில் ஒரு சுழிப்பு வருமே, அதே சுழிப்பு.

இன்று ஐரோப்பாவில் அந்த வழி முறைப்படியே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. ஏர்லைன் விமானிக்கான கோட்பாட்டுத் தேர்வுகள் பதின்மூன்று பாடங்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும். முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஒரு தாளை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. இதைத் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட பங்கு நேரத்தை வகுப்பில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நேவிகேஷனை விடுமுறையிலும் வானிலையியலைப் பேருந்திலும் படிக்கிறார்கள். அமெரிக்க விதிகளோ தனியார் விமானி, வணிக விமானி எழுத்துத் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்து படிக்கும் பாடத்தை விதியிலேயே எழுதி ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இனி இங்கே. 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடா பெற்றதுதான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம். அந்தக் காலப் பறக்கும் கிளப்புகள் யாருடையவை என்று விளக்க வேண்டியதில்லை: சமஸ்தானத்து வாரிசுகள், ஆலை முதலாளிகள், வெள்ளை அதிகாரிகள். அதே காலத்தில், 1927இல், மகாடில் ஒரு குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்காக ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போய் அடிபட்டார்கள். இந்தியாவின் வானமும் நீரும் அன்று இந்த நிலையில் இருந்தன.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தார். உயர்கல்விக்கு, குறிப்பாக அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கு, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அதில் வாதாடினார். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை வந்தது. இன்று நீங்கள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அது. அந்தத் திட்டத்தின் படிப்புப் பட்டியலில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. உரிமத்துக்கு 200 மணிநேரம் பறக்க வேண்டும். மொத்தச் செலவு இன்று அரைக்கோடி. இரண்டரை லட்சக் குடும்பம் உதவித்தொகை வரும்வரை முன்பணத்துக்கு எங்கே போகும் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எழுத்துத் தேர்வின் கதை வேறு. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்தும் வான் சட்டம், நேவிகேஷன், வானிலையியல், டெக்னிக்கல் ஆகிய தாள்களுக்கு 70 விழுக்காடு எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து படித்தும் எழுதலாம். தடை அதற்கு முன்பே வருகிறது: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் இந்த விதி வரும்வரை பத்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது. விதியைப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். யார் எந்த குரூப் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பகுதியில் சேரிப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. "உனக்கு காமர்ஸ் போதும்" என்று தலைமையாசிரியர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது எங்கள் படிப்பகத்தில் இருக்கிறார்கள். பதினைந்து வயதில் இன்னொருவர் எடுத்த முடிவு, இருபது வயதில் தகுதிக் குறைவு ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் தொலைதூரக் கல்வி நமக்கு உண்மையிலேயே கை கொடுக்கிறது. 1979இல் சி.பி.எஸ்.இ. ஒரு சோதனையாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தனி நிறுவனமாகி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமாக இருக்கிறது. ஏற்கெனவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், விடுபட்ட பாடங்களை மட்டும் அதில் பதிவு செய்து எழுதலாம். இயற்பியல், கணிதம் இரண்டையும் அப்படி முடித்து விமானித் தேர்வுக்குப் போனவர்கள் பலர். எங்கள் தம்பிக்கு நாங்கள் சொன்ன முதல் பதில் இதுதான். இரண்டாவது, பணம் எதையும் கட்டுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல்தகுதிச் சோதனையை முடித்துவிடு என்பது. கண்ணில், காதில் ஒரு குறை பின்னால் தெரிந்தால் படித்ததெல்லாம் வீண்.

முன்பு ஒரு கேள்வியை நிறுத்தி வைத்தோம். தபால் நம் வீட்டுக்கு வருமா? 2001-02இல் பதினொரு மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கிராமங்களில் தபால்காரர் தலித் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுவருவதில்லை என்று அதில் பதிவானது. ஊர்த் தெருவின் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், நாம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைதூரக் கல்வி என்பதில் தூரம் யாருக்கு எவ்வளவு என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இப்போது பாடம் கைபேசியில் வருகிறது; திண்ணையைத் தாண்டிவிட்டோம். ஆனால் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். பெஸ்ஸியின் பிரெஞ்சு வகுப்பு நமக்கு ஆங்கிலமாக நிற்கிறது.

தனியாகப் படிப்பதில் ஒரு சிக்கலையும் கண்ணால் பார்த்தோம். தம்பி நேவிகேஷன் பாடத்தில் 'அறுபதுக்கு ஒன்று' விதியில் இரண்டு வாரம் நின்றுவிட்டார். அறுபது கடல்மைல் பறந்தபின் பாதையிலிருந்து ஒரு கடல்மைல் விலகியிருந்தால், திசைப் பிழை ஒரு டிகிரி. சூத்திரம் மனப்பாடம், ஏன் என்று புரியவில்லை. ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்க் கேட்டார். கட்டணம் சொல்வதற்கு முன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். திரும்பி வந்துவிட்டார். கடைசியில் எங்கள் படிப்பகத்துக்கு வரும் கொத்தனார் ஒருவர்தான் நூல் கட்டிக் காட்டினார். சுவர் எழுப்பும்போது தொடக்கத்தில் நூல் ஒரு விரல்கடை விலகினால் கடைக்கோடியில் எவ்வளவு விலகும் என்பது அவருக்குத் தினசரிக் கணக்கு. அரைமணி நேரத்தில் முடிந்தது. உயரமானிக் கணக்கு அதற்குப் பிறகு எளிதாகவே வந்தது: காற்றழுத்தத்தைப் பத்து ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால் உயரம் கிட்டத்தட்ட முந்நூறு அடி தவறாகக் காட்டும். ஸ்க்ராண்டன் தொழிலாளர்களும் அடுப்பங்கரையில் தனியாகப் படித்திருக்க மாட்டார்கள், பக்கத்துவீட்டுக்காரரோடு சேர்ந்துதான் படித்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசின் பயிற்சி நிறுவனம். அங்கே சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு, கட்டணம் உண்டு, நுழைவுத்தேர்வும் உண்டு. படித்து முடித்தபின் போகக்கூடிய அரசு விமான நிறுவனமாக ஏர் இந்தியா இருந்தது. 2022 ஜனவரியில் அது டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் உரிமம் வாங்கிய ஜே.ஆர்.டி.யின் குடும்ப நிறுவனத்துக்கே திரும்பியது என்று பத்திரிகைகள் நெகிழ்ந்து எழுதின. அந்த நாளோடு இடஒதுக்கீட்டுக்குக் கட்டுப்பட்ட விமானி வேலைகள் அங்கே முடிந்தன என்று எழுதியவர்கள் குறைவு. தனியார் நிறுவனத்தில் கிரீனைப் போல் வழக்குப் போட நம்மிடம் இன்று எந்தச் சட்டம் இருக்கிறது? அரசியலமைப்பின் பதினாறாவது பிரிவு அரசு வேலைக்குத்தான் பொருந்தும். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டு நாம் தெருவில் நிற்கும்போது, விமானி அறை வரைக்கும் சேர்த்தே கேட்கிறோம் என்பதை இந்தத் தலைமுறை மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தம்பி இயற்பியலும் கணிதமும் முடித்துவிட்டார். கணிதத்தில் இரண்டாம் முறை. வான் சட்டமும் வானிலையியலும் தேறிவிட்டன. பருவமழைப் பகுதியில் ஒரு கேள்விகூடத் தவறவில்லை என்று அவருக்குப் பெருமை. நேவிகேஷனில் 66 வந்து நான்கு மதிப்பெண்ணில் போனது, மறுபடி கட்டியிருக்கிறார். பறக்கும் பயிற்சிக்கான பணம் பற்றி வீட்டில் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் காற்று முக்கோணக் கணக்கு போடுகிறோம். கொத்தனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.